பூமியில் ஆறில் ஒரு பங்கு இருந்தும் பஞ்சம்: சோவியத்துக்காக விதை தேடிய வாவிலோவ் பட்டினியில் இறந்தது ஏன்?

உலக நிலப்பரப்பில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. 2.2 கோடி சதுர கிலோமீட்டருக்கும் மேல். எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, தங்கம், காடு என்று எதற்கும் குறைவில்லை. அப்படிப்பட்ட சோவியத் யூனியன் ஏன் திரும்பத் திரும்ப ரொட்டிக்குத் திண்டாடியது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியே தன் வாழ்நாளைச் செலவழித்தவர் நிகோலாய் வாவிலோவ். ஐந்து கண்டங்களில் அலைந்து, அன்றைய உலகின் மிகப் பெரிய விதைச் சேமிப்பை உருவாக்கியவர். யாரும் பசியால் சாகக் கூடாது என்று உழைத்த அவர், 1943-ல் சிறையில் பட்டினியால் உருக்குலைந்து இறந்தார். அவர் கதையைப் படித்தால் அந்தப் பெரிய நிலப்பரப்பின் கதையும் பிடிபடும்.

பெரிய நாடு, சின்ன வயல்

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். வரைபடத்தில் சோவியத் யூனியன் பிரமாண்டம்தான். ஆனால் அதில் பாதிக்கு நெருக்கமான பகுதி, மண்ணுக்கு அடியில் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் நிலம். தெற்கே மத்திய ஆசியாவில் பாலைவனம். மொத்தப் பரப்பில் உழுது பயிரிடக்கூடியது சுமார் பத்தில் ஒரு பங்குதான்.

அந்தப் பத்தில் ஒரு பங்கிலும் சிக்கல் உண்டு. உக்ரைனிலிருந்து வோல்கா நதி வரை உலகின் மிக வளமான கரிசல் மண் இருக்கிறது. ஆனால் கிழக்கே போகப் போக மழை நம்ப முடியாததாகிவிடும். வடக்கே மழை போதும், மண் வளம் குறைவு. கோடையும் குறுகியது. அதாவது மண் நன்றாக இருக்கும் இடத்தில் மழை இல்லை. மழை பெய்யும் இடத்தில் வெயில் போதாது.

இதனால் ஒரே மாதிரி கோதுமையை நாடு முழுக்க விதைத்துவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. ஒரு ஆண்டு அமோக விளைச்சல், அடுத்த ஆண்டு வறட்சி. 1891-92-ல் ஒரு பெரும் பஞ்சம். 1921-22-ல் வோல்கா பகுதியில் இன்னொன்று. இரண்டாவதில் மட்டும் இறந்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது.

ஜவுளி வணிகரின் மகன் வயலுக்கு வந்த கதை

வாவிலோவ் 1887-ல் மாஸ்கோவில் பிறந்தார். அப்பா ஏழைக் கிராமத்துக் குடும்பத்திலிருந்து வந்து, ஜவுளித் தொழிலில் முன்னேறியவர். தம்பி செர்கெய் பின்னாளில் புகழ்பெற்ற இயற்பியலாளர். மூத்தவர் தேர்ந்தெடுத்தது விவசாயத்தை. 1906-ல் மாஸ்கோ வேளாண் கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். 1913-ல் இங்கிலாந்து போய், மரபியல் என்ற புதிய துறையின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் பேட்சனிடம் ஆய்வு செய்தார்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, 1916-ல் ஒரு விசித்திரமான வேலை வந்தது. இரானில் இருந்த ரஷ்ய வீரர்கள் அங்கே கிடைத்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுப் போதை ஏறியவர்கள் போலத் தள்ளாடினார்கள். காரணம் என்ன என்று பார்க்க வாவிலோவ் போனார். கோதுமையோடு கலந்திருந்த ஒரு விஷக் களைப்புல்லின் விதைதான் பிரச்சினை என்று கண்டுபிடித்தார்.

போன வேலை முடிந்தது. ஆனால் அவர் நேராக வீடு திரும்பவில்லை. இன்றைய தஜிகிஸ்தானில் இருக்கும் பமீர் மலைக்குப் போனார். அங்கேதான் அவருடைய வாழ்க்கை திசை மாறியது.

களை பயிரானது எப்படி?

மேற்காசிய, மத்திய ஆசிய மலைப்பகுதிகளில் அவர் கவனித்தது இது: அடிவாரத்தில் கோதுமை வயல்கள். அதற்குள் களையாக ரை. மேலே ஏற ஏற கோதுமை குறைகிறது, ரை கூடுகிறது. இன்னும் மேலே போனால் வயல் முழுக்க ரைதான்.

குளிர் அதிகமாக ஆக, கோதுமை தாக்குப்பிடிக்கவில்லை. பிடுங்கி எறிய வேண்டிய களை மட்டும் உயிரோடு நின்றது. விவசாயி என்ன செய்வார்? நின்றதை அறுத்தார், அரைத்தார், சாப்பிட்டார். கோதுமை தெற்கிலிருந்து வடக்கே பரவியபோதும் இதேதான் நடந்தது என்றார் வாவிலோவ். ரஷ்யர்களின் அடையாளமாகிப்போன கறுப்பு ரொட்டிக்குப் பின்னால் இருப்பது இந்த ரை தானியம்தான்.

ஒரு சமூகம் எதைச் சாப்பிடுகிறது என்பதை அதன் நிலமும் குளிரும் பெருமளவு தீர்மானித்துவிடுகின்றன. பிறகு அதுவே பண்பாடாகிவிடுகிறது. வடக்கே ரை ரொட்டி. மத்திய ஆசியப் பாசன சமவெளிகளில் கோதுமை நான். மழை குறைந்த கசாக் புல்வெளிகளில் ஆடும் குதிரையும் மேய்த்து, பாலிலும் இறைச்சியிலும் வாழ்ந்த நாடோடி மக்கள். ஒவ்வொன்றும் அந்தந்த நிலத்தோடு பல நூற்றாண்டுகள் போராடிக் கிடைத்த விடை.

விதையைத் தேடி மலைக்கு ஏன் போனார்?

1917-ல் வோல்கா கரையிலுள்ள சரத்தோவ் நகரில் பேராசிரியரானார். புரட்சி, உள்நாட்டுப் போர் எல்லாம் நடந்துகொண்டிருந்த நேரம். 1920-ல் அங்கே ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். நெருங்கிய உறவுள்ள தாவரங்களில் வேறுபாடுகள் ஒரே வரிசையில் அமைகின்றன. கோதுமையில் ஒரு குணம் இருந்தால், அதன் உறவான ரையிலும் அது எங்கோ இருக்க வாய்ப்புண்டு. தேட வேண்டியதுதான். தனிம அட்டவணையில் மெண்டலீவ் காலியிடம் விட்டுக் கணித்தது போன்ற ஒரு முறை இது.

அடுத்த ஆண்டு பெட்ரோகிராட் நகரில், பின்னாளைய லெனின்கிராடில், பயன்பாட்டுத் தாவரவியல் துறைக்குத் தலைமையேற்கப் போனார். அதே ஆண்டில்தான் அவர் விட்டுவந்த வோல்கா பகுதியைப் பஞ்சம் சூறையாடியது.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. நிலத்தை மாற்ற முடியாது. மழையை மாற்ற முடியாது. விதையை மாற்றலாம். குளிர் தாங்கும் கோதுமை, வறட்சி தாங்கும் பார்லி, நோய் அண்டாத உருளைக்கிழங்கு எல்லாமே உலகத்தில் எங்கோ ஒரு விவசாயியின் வயலில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்து கலப்பினம் செய்தால், சோவியத்தின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பொருந்தும் ரகம் கிடைக்கும்.

சரி, உலகத்தில் எங்கே தேடுவது? ஒரு பயிரின் வேறுபட்ட ரகங்கள் எங்கே எக்கச்சக்கமாகக் குவிந்திருக்கின்றனவோ, அங்கேதான் அந்தப் பயிர் பிறந்திருக்க வேண்டும் என்றார். அப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகள். ஒரு பள்ளத்தாக்கு போல இன்னொன்று இருக்காது என்பதால் ரகங்கள் பெருகும். 1926-ல் இதை நூலாக வெளியிட்டார். அப்போது ஐந்து தோற்ற மையங்கள் என்றவர், 1935-ல் எட்டாக விரித்தார்.

• மேற்காசியா: கோதுமை, பயறு வகைகள்
• மத்திய ஆசியா: கேரட், வெங்காயம்
• சீனா: சோயா
• இந்தியா: கத்திரிக்காய், வெள்ளரி, மாம்பழம்
• எத்தியோப்பியா: காபி, டெஃப்
• மெக்சிகோ, மத்திய அமெரிக்கா: மக்காச்சோளம்
• ஆண்டிஸ் மலை: உருளைக்கிழங்கு

மத்தியதரைக் கடல் பகுதியும் அவருடைய பட்டியலில் தனி மையம். எல்லைகளை எங்கே வரைவது என்பதில் பிறகு வந்தவர்கள் நிறையத் திருத்தினார்கள். ஆனால் பயிர்களின் பிறப்பிடத்தைத் தேடுபவர்கள் இன்றும் தொடங்குவது வாவிலோவின் வரைபடத்திலிருந்துதான்.

கழுதை, குதிரை, விமானம்

மேசையில் உட்கார்ந்து எழுதிய கோட்பாடு இல்லை இது. 1924-ல் ஆப்கானிஸ்தானில் குதிரைகளோடு சுமார் 5,000 கிலோமீட்டர் பயணம். 1926-27-ல் மத்தியதரைக் கடல் நாடுகளும் எத்தியோப்பியாவும். 1929-ல் மேற்குச் சீனா, ஜப்பான், கொரியா. 1930-ல் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. 1932-33-ல் தென் அமெரிக்கா. போன இடமெல்லாம் சந்தையில் நுழைவார், விவசாயிகளோடு பேசுவார், ஒரு பிடி விதையை வாங்கி லெனின்கிராடுக்கு அனுப்புவார். குறைவாகத் தூங்கி நிறைய வேலை செய்பவர் என்று பெயர் எடுத்திருந்தார்.

1929 பயணத்தின்போது இன்றைய கசகஸ்தானிலுள்ள அல்மா-அட்டா நகருக்கும் வந்தார். அந்த ஊர்ப்பெயரில் இருக்கும் அல்மா என்ற கசாக் சொல்லுக்கு ஆப்பிள் என்று பொருள். சுற்றியிருந்த மலைச்சரிவுகளில் காட்டு ஆப்பிள் மரங்கள் காடாகவே நின்றன. நாம் சாப்பிடும் ஆப்பிளின் பிறப்பிடம் இதுதான் என்று வாவிலோவ் முடிவுசெய்தார். பல பத்தாண்டுகள் கழித்து மரபணு ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின.

1940 வாக்கில் அவருடைய நிறுவனத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமான விதை, தாவர மாதிரிகள் சேர்ந்திருந்தன. நாடு முழுக்க, வெவ்வேறு காலநிலைகளில், சோதனைப் பண்ணைகள் இயங்கின.

பத்து ஆண்டா, நான்கு ஆண்டா?

பிரச்சினை தொடங்கியதும் இங்கேதான். ஒரு புதிய கோதுமை ரகத்தை உருவாக்கி, சோதித்து, வயலுக்குக் கொண்டுவர பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்க ஸ்டாலினின் அரசு தயாராக இல்லை.

1929-ல் நிலங்களைப் பறித்துக் கூட்டுப் பண்ணைகளாக்கும் வேலை வேகமெடுத்தது. விளைந்த தானியத்தை அரசு கட்டாயமாக எடுத்துக்கொண்டது. நகரங்களுக்குச் சோறு போடவும், ஏற்றுமதி செய்து தொழிற்சாலை இயந்திரங்கள் வாங்கவும் அது தேவைப்பட்டது. கசாக் நாடோடிகள் ஓரிடத்தில் குடியமர வற்புறுத்தப்பட்டார்கள். மந்தைகள் அழிந்தன. மழையில்லாத புல்வெளியில் மேய்ச்சலை நிறுத்தினால் என்ன ஆகும்? 1930-33 காலத்தில் கசகஸ்தானில் சுமார் 15 லட்சம் பேர் இறந்தார்கள். உக்ரைனில் 1932-33-ல் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இந்தப் பஞ்சத்துக்கு மழையைவிடக் கொள்கைதான் பெரிய காரணம்.

பழி மட்டும் யார் மேலாவது விழ வேண்டுமே. 1931-லேயே, புதிய ரகங்களை நான்கைந்து ஆண்டுகளில் தந்தாக வேண்டும் என்று விஞ்ஞானிகளுக்கு அரசு உத்தரவு போட்டிருந்தது. மேலிடத்தின் கண்ணில், வாவிலோவ் விதை பொறுக்க ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவசரம் இருந்தவர்களுக்கு அந்தப் பொறுமை ஆடம்பரமாகத் தெரிந்தது.

லைசென்கோ வந்தார்

சரியாக அந்த நேரத்தில் மேடையேறியவர் டிரோஃபிம் லைசென்கோ. உக்ரைன் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. விதையை நனைத்து, லேசாக முளைக்கவிட்டு, குளிரில் வைத்து விதைத்தால் விளைச்சல் பெருகும் என்றார். குளிரூட்டும் இந்த முறை பயிரின் பூக்கும் காலத்தை மாற்றும் என்பது உண்மைதான். வாவிலோவே தொடக்கத்தில் அதைப் பாராட்டி ஊக்கம் கொடுத்தார்.

ஆனால் லைசென்கோ அதோடு நிற்கவில்லை. சூழலை மாற்றினால் பயிரின் இயல்பே மாறும், அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்கும் போகும், மரபணு என்பதெல்லாம் முதலாளித்துவக் கற்பனை என்று போனார். ஒழுங்கான சோதனை, கணக்கு எதுவும் இல்லை. ஆனால் ஆட்சிக்கு அது இனித்தது. மனிதனையே புதிதாக வார்க்க முடியும் என்று நம்பிய அரசுக்கு, கோதுமையை வார்க்க முடியாது என்று சொல்பவர் எதிரியாகத் தெரிந்தார். லைசென்கோ ஏழை விவசாயியின் மகன், வாவிலோவ் வணிகரின் மகன் என்பதும் அன்றைய அரசியலில் சின்ன விஷயம் இல்லை.

1929-ல் தொடங்கப்பட்ட அனைத்து யூனியன் வேளாண் அறிவியல் அகாடமியின் முதல் தலைவர் வாவிலோவ். 1935-ல் அந்தப் பதவி பறிபோனது. 1938-ல் அதே நாற்காலியில் லைசென்கோ உட்கார்ந்தார். 1937-ல் மாஸ்கோவில் நடக்கவிருந்த சர்வதேச மரபியல் மாநாடு நடக்கவில்லை. 1939-ல் எடின்பரோவில் நடந்தபோது, வாவிலோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவருக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. சக மரபியலாளர்கள் ஒவ்வொருவராகக் கைதாகிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுத் தொடர்பு இவ்வளவு இருந்தும் வாவிலோவ் தப்பியோடவில்லை, தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

வயலிலிருந்து சிறைக்கு

1940 ஆகஸ்ட் 6. சோவியத் அப்போதுதான் ருமேனியாவிடமிருந்து எடுத்துக்கொண்ட செர்னிவ்ட்ஸி பகுதியில், இன்றைய மேற்கு உக்ரைனில், வாவிலோவ் பயிர் மாதிரிகள் சேகரித்துக்கொண்டிருந்தார். ரகசிய போலீஸ் கார் வந்து அழைத்துப்போனது. அதன் பிறகு அவர் சுதந்திர மனிதராக வெளியே வரவே இல்லை.

மாதக்கணக்கில் விசாரணை. பிரிட்டனுக்கு உளவு பார்த்தார், சோவியத் விவசாயத்தை நாசம் செய்தார் என்று குற்றச்சாட்டு. 1941 ஜூலையில் மரண தண்டனை. ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியதும் கைதிகளை இடம் மாற்றினார்கள். வாவிலோவ் கொண்டுபோகப்பட்ட இடம் சரத்தோவ். இளம் பேராசிரியராகப் பாடம் நடத்திய அதே ஊர்.

1942-ல் தண்டனை 20 ஆண்டு சிறையாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி அவரை வெளிநாட்டு உறுப்பினராக்கியது. அவருடைய மனைவி எலெனா பருலினாவும் ஒரு பயிர் விஞ்ஞானிதான், மசூர் பருப்பு ஆய்வாளர். போரால் இடம்பெயர்ந்து அவரும் மகனும் வந்து சேர்ந்ததும் சரத்தோவுக்கே. கணவர் அதே நகரத்துச் சிறையில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

1943 ஜனவரி 26 அன்று வாவிலோவ் சிறை மருத்துவமனையில் இறந்தார். வயது 55. சத்துக்குறைவால் உடல் சிதைந்துபோயிருந்தது. சிறையில் அவர் எழுதிய உலக விவசாய வரலாறு பற்றிய கையெழுத்துப்படி காணாமலே போய்விட்டது.

872 நாள் காவல்

அவர் சேர்த்த விதைகள் என்ன ஆயின? 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை லெனின்கிராடைச் சுற்றி வளைத்தது. முற்றுகை 872 நாள் நீடித்தது. ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தின் லட்சக்கணக்கான கலைப்பொருட்களை அரசு முன்கூட்டியே பத்திரமாக வெளியேற்றியிருந்தது. விதைச் சேகரிப்பின் பெரும்பகுதி நகரத்திலேயே தங்கிவிட்டது.

அந்த முதல் குளிர்காலத்தில் பெரும்பாலான மக்களுக்குக் கிடைத்த ஒரு நாள் ரேஷன், 125 கிராம் ரொட்டி. நிறுவனத்தின் கட்டடத்திலோ டன் கணக்கில் அரிசி, கோதுமை, வேர்க்கடலை, பயறு. ஊழியர்கள் அதைத் தொடவில்லை. எலிகளிடமிருந்து காத்தார்கள். உருளைக்கிழங்கு உறைந்து அழுகாமலிருக்கக் கிடைத்ததையெல்லாம் எரித்து அறையைச் சூடாக வைத்திருந்தார்கள். அரிசிச் சேகரிப்பைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவ் பட்டினியால் இறந்தார். வேர்க்கடலை ஆய்வாளர் அலெக்ஸாண்டர் ஷுகினும் இறந்தார். இன்னும் பலர். தங்கள் தலைவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

பிறகு நடந்தது என்ன?

1945-ல் தம்பி செர்கெய் வாவிலோவ், ஸ்டாலின் ஆட்சியிலேயே, சோவியத் அறிவியல் அகாடமியின் தலைவரானார். 1948-ல் மரபியல் பாடமே நாட்டில் தடைசெய்யப்பட்டது. ஸ்டாலின் இறந்த பிறகு, 1955-ல், வாவிலோவ் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். லைசென்கோவின் செல்வாக்கு 1965 வரை ஓடியது.

நிலத்தோடு மல்லுக்கட்டும் பழக்கமும் ஓடியது. 1954-ல் குருஷ்சேவ் வடக்கு கசகஸ்தான் புல்வெளிகளைப் பெருமளவில் உழவைத்தார். முதலில் நல்ல விளைச்சல். 1960-களின் தொடக்கத்தில் மேல்மண் புழுதியாகப் பறந்தது. 1963 வறட்சிக்குப் பிறகு, உலகின் மிகப் பெரிய நாடு வெளிநாட்டுத் தானியம் வாங்க வரிசையில் நின்றது. மத்திய ஆசியாவில் பருத்திக்காக நதிகளைத் திருப்பியதில் ஏரல் கடல் வற்றத் தொடங்கியது.

இதற்கு நடுவே வாவிலோவின் வழியும் பலன் கொடுத்தது. கிராஸ்னோடாரில் பாவெல் லுக்கியானென்கோ உருவாக்கிய பெஸோஸ்தாயா-1 என்ற கோதுமை, 1950-களின் இறுதியிலிருந்து கோடிக்கணக்கான ஏக்கரில் பரவியது. அதன் முன்னோர்களில் ஒன்று அர்ஜென்டினா ரகம். எங்கோ விளைந்த விதை, இங்கே இருக்கும் மண்ணுக்கு உதவும் என்பதுதானே அவர் கணக்கு.

இன்று ஏன் இந்தக் கதை?

சோவியத் யூனியன் 1991-ல் 15 நாடுகளாகப் பிரிந்தது. வாவிலோவின் வாழ்க்கையும் இப்போது பல நாடுகளில் சிதறிக் கிடக்கிறது. அவர் பெயரிலான நிறுவனம் ரஷ்யாவில், ஆப்பிள் காடு கசகஸ்தானில், பமீர் தஜிகிஸ்தானில், கைதான இடம் உக்ரைனில். ரஷ்யா இன்று உலகின் முதன்மையான கோதுமை ஏற்றுமதியாளர். ரஷ்யா-உக்ரைன் போர் தொடங்கிய 2022-ல் உலகச் சந்தையில் கோதுமை விலை எகிறியது ஏன் என்பதற்கும், அந்தக் கரிசல் மண்தான் பதில்.

விதைகளுக்கு ஆபத்து போரால் மட்டும் வருவதில்லை. 2010-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே பாவ்லோவ்ஸ்கில், வாவிலோவ் காலத்துப் பழத்தோட்ட நிலையத்தின் நிலத்தை வீட்டுமனைகளுக்கு ஒதுக்கும் முயற்சி நடந்தது. அங்கே ஆயிரக்கணக்கான பழ, பெர்ரி ரகங்கள் உயிருள்ள செடிகளாகவே பாதுகாக்கப்படுகின்றன. விதை மாதிரி டப்பாவில் போட்டு வேறிடத்துக்கு எடுத்துப்போக முடியாது. உலகம் முழுவதுமிருந்து விஞ்ஞானிகள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

சரத்தோவில் இன்று வாவிலோவ் பெயரில் தெரு இருக்கிறது, சிலை இருக்கிறது, பல்கலைக்கழகமும் இருக்கிறது. அவருடைய கல்லறை எது என்பது மட்டும் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. மற்றக் கைதிகளோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள்.